காது குடுக்க வேண்டியது ஆர்?

"கதைக்காமல் கேளுங்கோ!" வகுப்பில் இந்த அதட்டல் விழாமல் வளர்ந்த ஆக்கள் எங்களில் குறைவு. வாயை மூடினால் கேட்கிறம் எண்டு அர்த்தம் என நாங்களும் நம்பிவிட்டோம்.

ஆனால் இன்று பள்ளிக்கூடங்களில் பழக்கச் சொல்லும் 'செவிமடுத்தல் திறன்' வந்த வழி வேறு. 1957இல் அமெரிக்க உளவியலாளர்கள் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் இதைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார்கள். அது முக்கியமாக வேலைத்தலங்களின் மேற்பார்வையாளர்களுக்கானது. உடனே தீர்ப்புச் சொல்லக்கூடாது. விளங்கியதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். சொல்லுக்குப் பின்னாலுள்ள உணர்வையும் கவனிக்க வேண்டும் என்றது அது. அதாவது, அதிகாரம் உள்ளவர்தான் முதலில் கேட்கப் பழக வேண்டும். ரோஜர்ஸிடம் படித்த தோமஸ் கோர்டன், 1974இல் ஆசிரியர்களுக்காக எழுதிய நூலில் இதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். அங்கேயும் காது குடுக்க வேண்டியவர் ஆசிரியர்தான்.

எங்கட நன்னூலும் மாணவரைச் சும்மா கேட்டுக்கொண்டிருக்க விடவில்லை. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நல்லாகக் கேட்டாலும் கால்பங்குதான் பிடிபடுமாம். இன்னொரு கால்பங்கு கூடப் படிக்கிறவர்களோடு பழகி வரும். மிச்ச அரைவாசி, மற்றவருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான். கதைக்காத வகுப்பில் அந்த முக்கால்பங்கு எப்படி வரும்?

தமிழில் செவிமடுப்பதும் 'கேள்', வினவுவதும் 'கேள்'. கேள்வி கேட்ட பிள்ளையை "இரு" எண்டு அமர்த்தும்போது, அந்தச் சொல்லில் பாதியை வெட்டிவிடுகிறோம். செவிமடுத்தல் பயிற்சி எங்கட பள்ளிக்கூடங்களுக்கு வரட்டும். முதல் வாங்கில் ரீச்சரும் இருக்க வேணும்.