சரிபார்த்தலுக்கும் பயன்பாட்டுக்கும் நடுவே: ரயில் பாதையிலிருந்து மென்பொருளுக்கு வந்த ஒரு சிக்கலின் வரலாறு

2024 அக்டோபர் 11 இரவு பொன்னேரியைக் கடந்த மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸுக்கு, அடுத்த நிலையமான கவரைப்பேட்டையில் மெயின் லைனில் போகப் பச்சை விளக்கு கிடைத்திருந்தது. நிலையத்துக்குள் நுழையும்போது ஓட்டுநர்கள் பலத்த குலுக்கலை உணர்ந்தார்கள். மெயின் லைனில் போயிருக்க வேண்டிய வண்டி சுமார் 75 கி.மீ. வேகத்தில் பக்கத்துத் தடமான லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. நல்லவேளை, உயிரிழப்பு இல்லை. நாசவேலையா என்றும் விசாரிக்கப்பட்டது.

இதை மென்பொருள் கோளாறு என்று சொல்ல முடியாது. ஆனால் சிக்னல் சொன்ன பாதை ஒன்று, சக்கரம் ஏறிய பாதை வேறு. மென்பொருளில் 'ரேஸ் கண்டிஷன்' எனப்படும் பாதுகாப்பு ஓட்டையின் வடிவமும் இதுதான்.

ரயில்வே இந்த ஆபத்தை முன்பே கண்டுகொண்டது. 1856இல் ஜான் சாக்ஸ்பி, வண்டியைத் தடம் மாற்றும் பாயிண்டையும் சிக்னலையும் ஒன்றோடொன்று பிணைக்கும் இன்டர்லாக்கிங் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த முறை வளர்ந்த பிறகு, பாயிண்டின் நாக்குத் தண்டவாளம் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டி உட்கார்ந்து, பூட்டு விழுந்த பிறகே சிக்னல் இறங்கும். வண்டி கடக்கும்வரை பூட்டு திறக்காது. சரிபார்த்தால் மட்டும் போதாது, சரிபார்த்த நிலை மாறாமல் பிடித்துவைக்கவும் வேண்டும் என்பதே இதன் சாரம்.

1960களில் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா ஒரே நேரத்தில் ஓடும் நிரல்கள் மோதாமலிருக்க ஒரு கருவியை வகுத்தபோது, அதற்கு 'செமஃபோர்' என்றே பெயரிட்டார். நம் ஊர்க் கைகாட்டி மரம்தான் அது. பெயரை எடுத்துக்கொண்ட கணினித்துறை, பூட்டும் ஒழுக்கத்தை அவ்வளவு எளிதில் எடுத்துக்கொள்ளவில்லை. தெராக்-25 கதிர்வீச்சு இயந்திரத்தில், முந்தைய மாடல்களில் இருந்த வன்பொருள் இன்டர்லாக்குகளை நீக்கி மென்பொருளை மட்டுமே நம்பினார்கள். இயக்குபவர் திரையில் விவரங்களை வேகமாகத் திருத்தினால் அந்தத் திருத்தம் இயந்திரத்துக்கு எட்டாமல் போகும். 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் உயிரிழந்தார்கள்.

அது விபத்து. சரிபார்த்தலுக்கும் பயன்பாட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஒருவர் வேண்டுமென்றே கைவைத்தால் அது தாக்குதல். யூனிக்ஸ் இயங்குதளத்தில், முழு அதிகாரத்தோடு ஓடும் நிரல் ஒன்று 'இந்தக் கோப்பில் எழுத இவருக்கு உரிமை உண்டா' என்று பார்க்கிறது. உண்டு என்றதும் பெயரைச் சொல்லிக் கோப்பைத் திறக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவே, தாக்குபவர் அதே பெயரைக் கடவுச்சொல் கோப்பின் பக்கம் திருப்பிவிட்டால் கதை முடிந்தது. ஓடும் வண்டிக்கு முன்னால் பாயிண்டைத் திருப்புவதற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. முதலில் கோப்பைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு, பிடித்ததையே சரிபார்ப்பதுதான் இதற்கு மாற்று. 1996இல் மாட் பிஷப்பும் மைக்கேல் டில்கரும் இவ்வகை ஓட்டைகளை முறையாக ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள்.

ஆனாலும் லினக்ஸ் கெர்னலில் 2007இல் நுழைந்த 'டர்ட்டி கவ்' என்ற ரேஸ் கண்டிஷன் ஓட்டை 2016வரை திறந்தே கிடந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருளின் கதை இன்னும் வேதனையானது. 2006இல் அடைத்த ரேஸ் கண்டிஷன் ஓட்டை, 2020இல் நிரலைத் திருத்தி எழுதியபோது காப்பாக இருந்த ஒரு வரி கவனமின்றி நீக்கப்பட்டதால் மறுபடி திறந்தது. 2024 ஜூலையில் அதை வெளியிட்ட குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், அந்தக் கண இடைவெளியில் நுழையச் சராசரியாகப் பத்தாயிரம் முயற்சிகள் தேவைப்பட்டன என்றார்கள். கணினிக்கு அது சில மணி நேர வேலை.