திம்பம் வளைவும் ஒரு மெமரி கார்டும்

நம்ம சத்தியமங்கலத்துக்காரங்க போன்ல திம்பம் வீடியோ ஒண்ணாவது இல்லாம இருக்காதுங்க. காராப்பள்ளத்துல யானை கரும்பு லாரியை மறிக்கிறது, ரோட்டோரம் சிறுத்தை நிக்கிறதுன்னு வந்துக்கிட்டே இருக்கும். நடுவுல இன்னொரு ரகமும் வரும். பண்ணாரியில இருந்து மேல ஏறுற 27 கொண்டை ஊசி வளைவுல ஏதோ ஒண்ணுல, எதிர்ல வர்றது தெரியாம ஒருத்தன் ஓவர்டேக் பண்ற டேஷ்கேம் காட்சி. "அடப்பாவி"ன்னு சொல்லிட்டு அடுத்த குரூப்புக்குத் தள்ளி விட்டுருவோம். அது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனதா நான் கேள்விப்பட்டதே இல்லை. ஏன்னு தோண்டினப்ப கிடைச்ச சரித்திரம்தான் இந்தப் பதிவு.

நம்ம நாட்டுல பொதுஜனம் எடுத்த படத்தை வெச்சு பெரிய அளவுல அபராதம் போட ஆரம்பிச்சது 2010ல, டெல்லி போக்குவரத்து போலீஸ். காமன்வெல்த் போட்டி நெருங்கின நேரம். ஃபேஸ்புக்ல ஒரு பக்கம் திறந்தாங்க. ரெண்டே மாசத்துல கிட்டத்தட்ட 3,000 படம் குவிஞ்சுது, 665 பேருக்கு அபராதச் சீட்டு போச்சு. ஹெல்மெட் போடாத போலீஸ்காரங்க படத்தையும் மக்கள் விடாம ஏத்தினாங்க :)

ஆனா அபராதம் வேற, வழக்கு வேற. ஆள் கோர்ட்டுல மறுத்தா வீடியோ உண்மைன்னு நிரூபிக்கணும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ல வந்தப்ப, பழைய சாட்சியச் சட்டத்துல 65பி-ன்னு ஒரு பிரிவைச் சொருகினாங்க. மின்னணுப் பதிவோட நகலைக் கொடுத்தா கூடவே சான்றிதழும் வேணும்னு அது சொல்லுது. 2005ல, பாராளுமன்றத் தாக்குதல் வழக்குல, "அது இல்லாட்டியும் வேற வழியில நிரூபிக்கலாம்"னு சொன்ன உச்ச நீதிமன்றம், 2014ல அப்படியே மாத்திச் சொல்லுச்சு. கேரளாவுல அன்வர் - பஷீர் தேர்தல் வழக்கு அது. பிரச்சாரப் பாட்டும் பேச்சும் இருந்த சிடிக்கள் சான்றிதழ் இல்லாததால செல்லாமப் போச்சு. 2020ல இன்னொரு தீர்ப்பு இதை உறுதி பண்ணிட்டு, முக்கியமான ஒரு வழியையும் காட்டுச்சு: பதிவு பண்ணின சாதனத்தையே அதோட சொந்தக்காரர் கூண்டுல ஏறிக் கொடுத்தா, சான்றிதழ் தேவையில்லை.

அதாவது மெமரி கார்டு. வாட்ஸ்அப்ல சுருங்கி வந்த நகல் இல்லை.

2024 ஜூலை 1ல இருந்து நடப்புல இருக்குற புதுச் சட்டம் இன்னும் ஒரு படி மேல. சான்றிதழ் படிவத்துலயே ஃபைலோட ஹாஷ் மதிப்பு கேக்குறாங்க, எம்டி5, ஷா256ன்னு பேரோட! பொட்டி தட்டுற நம்ம ஆளுங்க சட்டப் புத்தகத்துல நம்ம பாஷையைப் பாக்குறது அபூர்வமுங்க. நிபுணர் கையெழுத்தும் வேணும்.

இவ்வளவு சிக்கல் இருக்கறப்ப சுலபமா மாட்டுறது யாருன்னு பாருங்க. தானே எடுத்துத் தானே ஏத்துறவர்தான். நம்ம கொங்கு மண்டலத்து டிடிஎஃப் வாசன், ஜி.பி.முத்துவைப் பின்னாடி உக்கார வெச்சு வேகமா ஓட்டின வீடியோவைத் தன் சேனல்ல போட்டார். 2022 செப்டம்பர்ல அதை வெச்சே கோவை போலீஸ் வழக்குப் பதிவு பண்ணுச்சு. (அடுத்த வருஷம் காஞ்சிபுரம் பக்கம் விபத்து, பத்து வருஷம் லைசென்ஸ் ரத்து, அது தனிக்கதை.) ஊரே பாத்துக் கத்தினதால வழக்கு வந்துச்சு. திம்பத்துல ஓவர்டேக் பண்ணவனுக்கு சேனல் இல்லையே.

வேல்ஸ்ல வேற மாதிரி பண்ணினாங்க. அங்க 2016ல ஆரம்பிச்ச 'ஆபரேஷன் ஸ்னாப்'ல, சைக்கிள்காரர் ஹெல்மெட் கேமராக் காட்சியை இணையத்துல ஏத்தறப்பவே சாட்சி வாக்குமூலத்தையும் நிரப்பிடணும், தேவைப்பட்டா கோர்ட்டுக்கு வருவேன்னு. வீடியோவை மட்டும் வீசிட்டுப் போக முடியாது. எனக்கு இதுதான் சரியாப் படுது.

விடியக்காலையில மல்லிப்பூ மூட்டையை மொபெட்ல வெச்சு நம்ம பூ மார்க்கெட்டுக்கு வர்றவங்களை நினைச்சுப் பாருங்க. இடிச்ச வண்டி நிக்காமப் போய், கடைசி வரைக்கும் எதுன்னே தெரியலைன்னா, 2022 ஏப்ரல்ல வந்த திட்டப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். அவ்வளவுதான். நம்பர் தெரிஞ்சா, அந்த வண்டியோட இன்சூரன்ஸ்கிட்ட இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மூலமா வருமானம், வயசு, குடும்பம் எல்லாம் கணக்குப் போட்டுக் கேக்கலாம். அந்த நம்பர், பின்னாடி வந்த யாரோ ஒருத்தர் கார்டுல இருக்கும். ஆனா டேஷ்கேம் இடம் நிறைஞ்சதும் பழசு மேலயே எழுதிரும், சில மணி நேரம்தான். அதனால அப்படி ஏதாவது பதிவாச்சுன்னா, முதல்ல கார்டைக் கழட்டிப் பையில போடுங்க. ஃபார்வர்டு எல்லாம் அப்புறம்.