பாவசங்கீர்த்தனம்

செய்த பாவத்தைக் குருவிடம் வாய்விட்டுச் சொல்லி, அவர் வழியாக இறைவனின் மன்னிப்பைப் பெறும் கிறிஸ்தவ வழக்கம். கத்தோலிக்கரின் ஏழு அருட்சாதனங்களுள் ஒன்று. ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்பது இப்போதைய பெயர். மூத்தவர்கள் வாயில் இன்னும் பாவசங்கீர்த்தனம்தான்.

தொடக்கத் திருச்சபையில் கொலை, விபசாரம், விசுவாச மறுப்பு ஆகியவற்றுக்குச் சபையறிய நெடுநாள் தவமிருக்க வேண்டியிருந்தது. தனிமையில், வேண்டும்போதெல்லாம் பாவத்தைச் சொல்லும் முறை 6ஆம் நூற்றாண்டு முதல் அயர்லாந்துத் துறவிகளால் பரவியது. ஆண்டுக்கு ஒருமுறையாவது கட்டாயம் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது.

தமிழ்நாட்டில் இதன் கதை முத்துக்குளித்துறையில் தொடங்குகிறது. 1530களில் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். வந்த பாதிரிமாருக்குத் தமிழ் தெரியாது. பிரசங்கத்தைத் துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) வைத்து ஒப்பேற்றலாம். குருவின் காதில் மட்டும் விழ வேண்டியதை ஊர்க்காரனான துபாஷியிடம் யார் மனம் திறந்து சொல்வார்? இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற போர்த்துகீசிய இயேசு சபைக் குரு. தமிழைக் கற்று, துபாஷி இல்லாமலே பாவசங்கீர்த்தனம் கேட்டார். போர்த்துகீசிய மொழியில் தமிழ் இலக்கணமும் எழுதினார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்திலும், ‘கிரிசித்தியானி வணக்கம்’ 1579இல் கொச்சியிலும் அச்சேறின. பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையைக் கற்பிக்கும் ‘கொம்பெசியொனாயரு’ 1580இல் வெளிவந்தது. அச்சு வரலாறு எழுதுவோர் முதல் நூலைக் கொண்டாடிவிட்டு இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அது சரியல்ல. முந்தைய இரண்டும் மனப்பாடம் செய்து ஒப்பிக்க உதவியவை. சாதாரணக் கடலோடியைத் தன் வாழ்க்கையைத் தானே எண்ணிப் பார்த்துப் பேச வைத்த அச்சு நூல் இதுதான். ஹென்றிக்கஸ் 1600இல் காலமானார்.

கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களுக்கு ஆண்டுதோறும் பாவசங்கீர்த்தனத்தைக் கட்டாயமாக்கியது 1599இன் உதயம்பேரூர்ச் சங்கம். புராட்டஸ்டண்டு சபையான தென்னிந்தியத் திருச்சபையில் சபையார் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கையே பொது வழக்கம்.

கேட்டதைக் குரு வெளியிட்டால் திருச்சபையிலிருந்தே விலக்கப்படுவார். 2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்திலோ வழக்கறிஞருக்கு இருந்த பாதுகாப்பு குருவுக்கு இருக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வைத்து மிரட்டியதாகக் கேரளத்தில் குருமார் சிலர் மீது புகார் எழுந்தபோது, 2018இல் தேசிய மகளிர் ஆணையத் தலைவர் இவ்வழக்கத்தையே ஒழிக்கப் பரிந்துரைத்தார். அதே ஆண்டு, இவ்வழக்கத்தை எதிர்த்து வந்த மனுவைக் கேரள உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

துபாஷி சிக்கல் இன்னும் முடிந்துவிடவில்லை. ஒடியாவும் இந்தியும் பேசும் தொழிலாளர்கள் வந்து தங்கும் பென்னலூர், ஒரகடம் போன்ற தொழிற்சாலை ஊர்களில், தமிழ் மட்டும் அறிந்த குருவுக்கு அது மீண்டும் எழக்கூடியதே. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 990ஆம் விதியில், மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய அனுமதிக்கிறது. கேட்டதை இரகசியமாகக் காக்கும் கடமை அவருக்கும் உண்டு.