கரிசல் மேனியும் எண்ணெய்க் காப்பும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கிற சிவகாசிச் சீமையில், ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்றும், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகை மாதங்களிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது என்றும் ஏடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அச்சீமையிலுள்ள நாரணாபுரத்துக் கரிசல் நிலத்தில் சித்திரை வைகாசியில் கால்வைத்து நடந்தவர்களுக்கு அந்தக் கணக்கு தேவைப்படாது; மண் வெடித்த வெடிப்பில் கை நுழையும். அதற்குப்பின் வரும் ஆடிக்காற்று, மலைக்கணவாய்களில் புகுந்து ஈரத்தையெல்லாம் மலைக்கு அப்பாலேயே உதிர்த்துவிட்டு, வெறும் வறட்சியை மட்டும் சுமந்துகொண்டு வந்து, உதட்டையும் முழங்கையையும் குதிகாலையும் உலர்த்திவிட்டுப் போகும்.

இந்த வறட்சியையே மூலதனமாக்கிக்கொண்ட பெருமை இச்சீமைக்கு உண்டு. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, மறு ஆண்டு ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கிய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒட்டிய பெட்டி சீக்கிரம் காயவேண்டும், மருந்தில் தோய்த்த குச்சி ஈரம் குடிக்காமல் இருக்கவேண்டும், பிற்காலத்தில் பட்டாசு வந்தபோது வெயிலில் பரப்பிய சரக்கு மழையில் நனையாமல் பிழைக்கவேண்டும் என்ற தேவைகளுக்கெல்லாம், விவசாயிக்குச் சாபமாக இருந்த அதே சீதோஷ்ணம் வரமாக அமைந்தது. ஆயினும் தீக்குச்சியைக் காயவைக்கிற காற்று, அதை அடுக்குகிறவர்களின் கையை மட்டும் விட்டுவைக்குமா? சரக்குக்கு லாபமாக வந்த வறட்சி சரீரத்துக்கு நஷ்டமாக வந்ததையும், அந்த நஷ்டத்தை ஈடுகட்ட இந்தப் பக்கத்து ஜனங்கள் எண்ணெயை நம்பி வாழ்ந்ததையும் யாரும் தொழில் வரலாற்றோடு சேர்த்து எழுதியதாகக் காணோம்.

எண்ணெய் ஸ்நானம் தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவான வழக்கம். சித்த வைத்திய மரபில் தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி, நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் தேய்த்து முழுகச் சொல்கிறது. ஔவையாரின் ஆத்திசூடி சனி நீராட்டை விதித்ததாகக் கொண்டு, ஆண்கள் புதனும் சனியும், பெண்கள் செவ்வாயும் வெள்ளியும் என்று வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டார்கள். சோழ பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் செக்கிறை என்ற வரி குறிக்கப்படுகிறது. அரசன் வரி போடுகிற அளவுக்கு எண்ணெய் ஓர் அத்தியாவசியப் பண்டமாக அன்றே இருந்திருக்கிறது. காவேரிக்கரையில் நீரில் முங்கி எழுகிறவனுக்கு இந்த ஸ்நானம் ஒரு சுகமாக இருந்திருக்கலாம். கரிசல் காட்டில் அது வைத்தியம்.

எள் மானாவாரிப் பயிர். மழை ஏமாற்றினாலும் முழுக்க ஏமாற்றாத பயிர் என்று சம்சாரிகள் அதற்கு நற்சான்று கொடுப்பார்கள். அறுத்து, கட்டி வைத்து, காய் வெடித்த பிறகு உதறிச் சேர்த்த எள்ளைச் செக்கடிக்குக் கொண்டுபோவார்கள். உரலில் எள்ளைக் கொட்டி, மாடு சுற்றத் தொடங்கியதும், அது உலக்கையடியில் நெறுநெறுவென்று அரைபடும். சிறிது நேரத்தில் எள் மாவாகிச் சேறாகும். அந்தப் பக்குவத்தில் செக்காடுகிறவர் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, கருப்பட்டியை உடைத்துப் போடுவார். கருப்பட்டியின் பசை பிண்ணாக்கை ஒன்றாகப் பிடித்துக்கொள்ள, எண்ணெய் தனியே பிரிந்து உரலின் நடுவில் பொன்னிறமாகத் தேங்கும். உரலின் சுவரில் இறுகிய பிண்ணாக்கைக் கடப்பாரையால் பெயர்க்கும்போது, தூக்குவாளியோடு வந்து நிற்கும் பிள்ளைகளுக்குச் சுடச்சுட ஒரு துண்டு கிடைக்கும். அந்த இனிப்புக்காகவே செக்கடிக்குப் போக வீட்டில் போட்டி நடக்கும்.

அந்தக் கருப்பட்டி இந்த மண்ணில் மட்டும் விளைந்தது அன்று. தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுப் பனைகளிலிருந்து இறங்கிய பதநீரைக் காய்ச்சி, கருப்பட்டியாக்கி, உப்போடும் கருவாட்டோடும் மாட்டுவண்டிகளில் ஏற்றி வடக்கே வந்த நாடார் வியாபாரிகள், வழியில் சரக்கைப் பத்திரப்படுத்த அமைத்துக்கொண்ட பேட்டைகளே விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய வியாபார ஊர்களுக்கு வித்தாயின. ஆகவே கரிசல்காட்டு எள்ளும் தேரிக்காட்டுக் கருப்பட்டியும் ஒரே செக்கு உரலில் சேர்ந்ததை, இந்த வட்டாரத்தின் சமூக சரித்திரத்தையே சுருக்கிச் சொல்லும் சங்கதியாக நான் கருதுகிறேன்.

நல்லெண்ணெய் தலைக்கும் உடம்புக்கும் என்றால், குதிகாலுக்கும் குழந்தைக்கும் விளக்கெண்ணெய். பருத்திக் காட்டின் ஓரத்தில் வரப்புக்குக் காவலாக ஆமணக்கை நட்டுவைப்பார்கள். அதன் முத்தை வறுத்து, இடித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால், எண்ணெய் மேலே மிதந்து வரும். அகப்பையால் மெல்ல வழித்தெடுத்து, மிச்ச ஈரம் சுண்டும்வரை மறுபடியும் காய்ச்சி எடுப்பார்கள். இதற்குச் செக்கும் வேண்டாம், செக்காருக்குக் கூலியும் வேண்டாம். பெண்கள் கொல்லைப்புறத்திலேயே முடித்துவிடுகிற காரியம். மற்ற எண்ணெய்களுக்கு இல்லாத ஒரு பிசுபிசுப்பு இதற்கு இருப்பதற்குக் காரணம், இதன் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய 90 சதவிகிதம் ரிசினோலியிக் அமிலம் என்கிற ஒரே சரக்காக இருப்பதுதான். தடவிய இடத்தை விட்டு எளிதில் நகராது. கோடைக் கரிசலைப் போலவே வெடித்துக் கிடக்கும் குதிகாலில், இராத்திரி படுக்கும்முன் மஞ்சளைக் குழைத்து இதைப் பூசிக்கொள்வது இன்றும் மறையாத வழக்கம். வேப்பங்கொட்டை பொறுக்கி ஆட்டிய எண்ணெயும் சொறிசிரங்குக்கு உண்டு. ஆனால் அதன் நாற்றத்தைச் சகித்துக்கொள்ள மனோதிடம் வேண்டும்.

இவ்வெண்ணெய்ச் சம்பிரதாயம் மிக உன்னதமான உருவம் பெற்ற இடம் நாரணாபுரத்துக்கு மேற்கே, வெகுதூரமில்லாத ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. மார்கழி நீராட்டு உற்சவத்தில் ஆண்டாளுக்கு எண்ணெய்க் காப்பு நடைபெறுகிறது. நல்லெண்ணெயை ஆதாரமாகக் கொண்டு, பசும்பாலும் நெல்லிக்காயும் இளநீரும் தாழம்பூவும் அறுபதுக்கு மேற்பட்ட மூலிகைகளும் சேர்த்து, பல நாட்கள் காய்ச்சிப் பக்குவப்படுத்திய தைலம் அது. உற்சவம் முடிந்தபின் பக்தர்களுக்குப் பிரசாதமாகவும் கிடைக்கிறது. பனிக்காற்றில் தோல் வறண்டு வெளுக்கும் மாதம் மார்கழி. பாவை நோன்பு நோற்கும் பெண்களோ நெய்யும் பாலும் மையும் மலரும் துறந்தவர்கள். அவர்களுடைய தலைவியான ஆண்டாளுக்கு மட்டும் தினமும் தைலம். தங்கள் மேனிக்கு எது இதமோ அதையே தெய்வத்துக்கும் செய்து பார்த்த அன்பின் யுக்தி என்றுதான் இதைச் சொல்லவேண்டும்.

எண்ணெய் தேய்ப்பதில் பாதிதான் சூட்சுமம். அதைப் போக்குவதில் மறுபாதி. தோலின் மேலடுக்கு ஈரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. உள்ளேயிருந்து கசிந்து வருகிற ஈரம் காற்றில் பறந்துபோகாதபடி, அங்கே இயற்கையாக உள்ள கொழுப்பு தடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து தடவும் எண்ணெய் அந்தத் தடுப்புக்குத் துணை. சீயக்காயும், வறண்ட காட்டில் தானாக முளைக்கும் உசிலை மரத்தின் இலையை உலர்த்தி இடித்த அரப்பும், பாசிப்பயற்று மாவும் மிஞ்சிய எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்டு மெல்லிய பூச்சு ஒன்றை விட்டுவைக்கும். சோப்போ காரம், தோலின் இயல்பான புளிப்புத்தன்மையைக் கலைத்து, அதன் சொந்தக் கொழுப்பையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. கரிசலில் சோப்பு வந்து, அரப்புப் பெட்டி பரணுக்குப் போன பிறகுதான், குளித்தபின் உடம்பில் நகத்தால் கீறினால் வெள்ளைக்கோடு விழுகிற வறட்சி சகஜமாயிற்று என்பது என் அபிப்பிராயம். பாட்டிமார் சொன்னதை விஞ்ஞானம் ஒப்புக்கொண்டால்தான் நம்புவேன் என்பவர்களுக்கு ஒரு செய்தி: குறைமாதக் குழந்தைகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெயை முறையாகத் தடவிவந்தால் மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் குறைகின்றன என்று, டாக்காவில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 2005-ல் லான்செட் பத்திரிகையில் வெளியாகியிருக்கிறது. இங்கே கால்களை நீட்டி உட்கார்ந்து, சிசுவை அவற்றின்மேல் கிடத்தி எண்ணெய் நீவிய கிழவிகளுக்கு லான்செட் தெரியாது. அவர்கள் பிடித்த எண்ணெய் வேறு, பிடித்த நம்பிக்கை ஒன்றே.

வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பது பழமொழி. இச்சீமையில் செக்காட்டும் வாணியனுக்குக் கொடுத்த காசு நாளடைவில் விருதுநகருக்குப் போய்ச் சேர்ந்தது. 1876-ல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும், துறைமுகத்துக்குப் போகும் பருத்தியோடு எள்ளும் மல்லியும் மிளகாய் வற்றலும் குவிகிற சந்தையாக விருதுபட்டி வளர்ந்தது; தீப்பெட்டி பிறந்த அதே 1923-ல்தான் அந்த ஊர் விருதுநகர் என்று பெயரும் மாற்றிக்கொண்டது. வியாபாரிகள் சரக்கின்மீது மகமை வைத்துப் பொதுநிதி சேர்த்தார்கள். அத்தகைய பொதுநிதியாலும் பிடி அரிசியாலும் தழைத்த க்ஷத்திரிய வித்யாசாலாவில் காமராஜர் படித்தார். பத்திரிகைகளில் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று ஒரு பகுதி உண்டு. நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம் 15 கிலோ டின் கணக்கில் விலை போட்டிருக்கும். கிராமத்துச் செக்கடியில் தூக்குவாளியில் வாங்கிய எண்ணெய் தகர டின்னுக்கும், பிறகு இதயம் முதலான பெயர்கள் பொறித்த பாக்கெட்டுக்கும் இடம்பெயர்ந்த கதை அந்த விலைப்பட்டியலிலேயே அடங்கியிருக்கிறது. மாடு பூட்டிய செக்குகள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் அவற்றுக்காகப் பெரிதாக அழவில்லை.

இனி, தொழிலுக்கு வருவோம். தீப்பெட்டி ஆபீஸ் என்றும் பட்டாசு ஆபீஸ் என்றும்தான் இங்கே தொழிற்சாலையைச் சொல்லுவார்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெளிநாட்டுச் சரக்கு நின்று, 1940-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளும் வந்த பிறகு, பட்டாசு இங்கே முறையான தொழிலாக வேரூன்றியது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவை அதன் பிரதான பதார்த்தங்கள். இவற்றுள் அலுமினியத் தூளின் சுபாவம் விசித்திரமானது. வேலை முடிந்து வருகிறவர்களின் கையைப் பார்த்தால், வெள்ளி முலாம் பூசியதுபோல, ரேகை ரேகையாக, நகக்கண் நகக்கண்ணாக அது படிந்திருக்கும். தண்ணீரை ஊற்றினால் நனையாது. தண்ணீர் முத்து முத்தாக ஓடிவிடும். எண்ணெயைத் தொட்டுத் தேய்த்தால் மட்டுமே தூள் எண்ணெயோடு கலந்து சாம்பல் குழம்பாகத் திரண்டு வரும். அதைத் துணியில் துடைத்து, பிறகு வெந்நீரும் சோப்பும் போட்டால்தான் கை கையாகும். ஆகவே முன்பு வறட்சிக்காகத் தேய்த்த எண்ணெய்க்கு இப்போது தூளைப் பிரித்தெடுக்கிற உத்தியோகமும் சேர்ந்தது. ஆனால் மலைப்பக்கத்துத் தென்னந்தோப்புகளும் கடைப் பாக்கெட்டுகளும் புண்ணியம் கட்டிக்கொண்டதால், நல்லெண்ணெய் இருந்த இடத்தில் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய் வந்து உட்கார்ந்துவிட்டது.

எண்ணெய் ஒரு மறைப்பே தவிர மாற்று மருந்து அன்று என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இரசாயனத்தால் அரித்துப் புண்ணான தோலுக்குக் கையுறையும் தோல் வைத்தியரும் வேண்டும். எண்ணெயின் மகிமையைப் பேசிப்பேசி அந்தச் செலவை மிச்சம்பிடிப்பது தர்மமாகாது. ஒரு வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவில் எண்ணெய்க் கிணற்றின் துளைக்கம்பியில் ஒட்டிய மெழுகை ஆராய்ந்து, 1872-ல் செஸ்புரோ என்பவர் காப்புரிமை பெற்ற வாஸ்லினும், தீக்குச்சியின் நுனியில் நெருப்பு மரத்துக்குத் தாவுவதற்காக இங்கே பூசுகிற பாரஃபின் மெழுகும் ஒரே பெட்ரோலியத்தின் இரு பிள்ளைகள். ஒன்று வறண்ட கைக்கு மருந்தாகக் கடைக்கு வந்தது; மற்றொன்று அந்தக் கையை வறட்டுகிற தொழிலுக்குச் சரக்காக வந்தது.

தீபாவளியன்று விடிவதற்குமுன் தமிழ்நாட்டு வீடுகளில் நடக்கிற காரியங்கள் இரண்டு: நல்லெண்ணெய் தேய்த்துக் கங்கா ஸ்நானம் செய்வது, வாசலுக்கு வந்து சரவெடியைக் கொளுத்துவது. முன்னதற்கு வேண்டிய எண்ணெயின் பெரும் சந்தையும், பின்னதற்கு வேண்டிய வெடியும் ஒரே மாவட்டத்துச் சரக்குகள். பண்டிகை முடிந்ததும் பட்டாசு ஆபீஸ்கள் சில வாரங்களுக்குக் கதவடைக்கும். அந்த ஓய்வு வாரங்களில் நாரணாபுரத்துப் பெண்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் வைத்துக்கொள்வார்கள். ஐப்பசி ஈரக்காற்றும் கூடவே ஒத்தாசை செய்ய, கைத்தோல் ஒருவாறு பழைய நிலைக்குத் திரும்பும். இப்போது நகரங்களில் மோட்டார் பூட்டிய மரச்செக்குக் கடைகள் திறந்து, கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, பழமையின் பெயரால் நல்ல விலைக்கு விற்கிறார்கள். எண்ணெய் அசல்தான். சரம் பின்னுகிற கூலிக்காரி அந்தக் கடையின் படியேறுவதில்லை. அவள் கடலை மிட்டாய்க்கும் பீடிக்கட்டுக்கும் நடுவே தொங்கும் எண்ணெய்ப் பாக்கெட்டைப் பெட்டிக்கடையில் கிழித்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.