தோளுக்குப் பின்னால் நின்றவர்

பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில், டன்சினனோ சீனோ எதுவானாலும், ஞாயிறு பிற்பகலில் லயத்து வாசலில் 304 ஆட்டம் விழுந்தால் நால்வர் ஆடுவார்கள், ஏழெட்டுப் பேர் நின்று பார்ப்பார்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, மற்றச் சீட்டுகளுக்கு மிச்சம் என்று ஓர் இனத்துக்கு 76 புள்ளி, நான்கு இனத்துக்கும் கூட்டினால் 304. கேள்வி கேட்டவர் துருப்பைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு முகத்தைக் கல்லாக்கிக்கொள்வார். ஆடுகிற நால்வருக்கும் தத்தம் கை மட்டுமே தெரியும். ஒரு சுற்று வந்து எல்லாருடைய தோளுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் நிற்கிறானே ஒருவன், ஆட்டத்தின் முழு ருசியும் அவனுக்குத்தான். இந்தச் சின்ன விஷயம் அமெரிக்காவின் பெரிய சூதாட்டக்காரர்களுக்கு உறைக்க இருபத்தைந்து ஆண்டு பிடித்தது.

1970இல் லாஸ் வேகாஸ் நகரில் ஹோர்ஸ்ஷூ என்ற கசினோவை நடத்திவந்த பென்னி பினியன், அக்காலத்துப் பெரிய போக்கர் ஆட்டக்காரர் சிலரை அழைத்தார். ‘உலகத் தொடர்’ என்று அதற்குப் பெயர் வைத்தார். பெயர்தான் பெரிது, போட்டி என்று ஒன்று நடக்கவேயில்லை. காசுக்கு ஆடினார்கள், கடைசியில் வாக்குப் போட்டு ஜானி மாஸ் என்பவரைச் சிறந்தவராகத் தேர்ந்தார்கள், அவர் கையில் ஒரு வெள்ளிக் கோப்பையைக் கொடுத்தார்கள். முதல் வாக்கெடுப்பில் ஒவ்வொருவரும் தன் பெயரையே எழுதியதாகவும், அப்புறம் ‘இரண்டாவது சிறந்தவர் யார்’ என்று கேட்டு மாஸைப் பிடித்ததாகவும் ஒரு கதை உண்டு. கதையோ உண்மையோ, அந்த மனிதர்களின் குணத்துக்கு அது பொருந்தித்தான் போகிறது. ஆனால் வாக்கெடுப்பை யார் வேடிக்கை பார்ப்பார்கள்?

மறு ஆண்டு முறை மாறியது. ஒவ்வொருவரும் ஒரே தொகையைக் கட்டி உட்கார வேண்டும். சிப் தீர்ந்தவர் எழுந்து போக வேண்டும். கடைசியில் எல்லாச் சிப்பும் யார் முன்னால் குவிகிறதோ அவரே வெற்றியாளர். இன்றைய போக்கர் போட்டிகள் அனைத்துக்கும் அச்சு அதுதான். அப்போதும் மாஸே வென்றார். 1972இல் நுழைவுத் தொகை 10,000 டொலர் ஆனது. கடைசிக் கட்டத்தில் மூவர் மிஞ்சினார்கள். அங்கேதான் விசித்திரமான ஒன்று நடந்தது: மூவரில் இருவருக்கு வெல்ல விருப்பமில்லை.

காரணம் எளிது. டொயல் பிரன்சனும் பக்கி பியர்சனும் சீட்டாடிப் பிழைத்தவர்கள். ஊர் ஊராகப் போய் ஆடி, ஒரு பக்கம் பொலிசுக்கும் இன்னொரு பக்கம் கொள்ளைக்காரருக்கும் ஒளிந்து வாழ்ந்த தலைமுறை அது. பத்திரிகையில் படம் வந்தால் குடும்பத்துக்கு வெட்கம். ஏமாறக்கூடிய புதுப் பணக்காரனும் உஷாராகிவிடுவான். மூன்றாமவர் தோமஸ் பிரஸ்டன். ஒடிந்து விழுவதுபோல ஒல்லி, தலையில் பெரிய கௌபாய் தொப்பி, வாய் ஓயாது. ஊர் அவரை அமரில்லோ ஸ்லிம் என்று அழைத்தது. பிரன்சன் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தன் பங்குக் காசோடு எழுந்து போனார். ஸ்லிம் வென்றார், ஜானி கார்சனின் இரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் போய் உட்கார்ந்தார், நாட்டையே சிரிக்க வைத்தார். சம்பளமும் ஒப்பந்தமும் இல்லாமல் போக்கருக்குக் கிடைத்த முதல் தூதுவர் அவர்தான். அவர் பேச்சை மக்கள் ரசித்தார்கள். ஆட்டத்தைக் காட்டியபோதுதான் கொட்டாவி விட்டார்கள்.

அதில் மக்கள்மேல் குற்றமில்லை. டெக்சாஸ் ஹோல்டம் என்ற ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துக் கொடுக்கப்படும். ஐந்து சீட்டு நடுவில் பொதுவாக விரிக்கப்படும். நாடகம் முழுவதும் அந்தக் கவிழ்ந்த இரண்டில் இருந்தது. ஆடுகிறவர் மூலையை மட்டும் நெம்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார். தொலைக்காட்சியில் தெரிந்ததெல்லாம் புகை, தொப்பி, வாய் திறக்காத ஆண்கள். வெற்றுக் கையோடு ஒருவன் லட்சம் டொலரைத் தள்ளி எதிராளியை மிரட்டி விரட்டினாலும், அது வெற்றுக் கை என்று பார்த்தவருக்குத் தெரியவே தெரியாது. 1973 தொடங்கிப் பல முறை படம்பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் எடுபடவில்லை.

கூட்டத்தைக் கூட்டும் வழியை மட்டும் எரிக் டிராக் என்பவர் கண்டுபிடித்தார். மேசை ஒன்றைச் சுற்றிப் பத்துப் பேர், ஆளுக்குச் சுமார் 1,000 டொலர் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்தால் பெரிய போட்டிக்கான ஒரு நுழைவுத் தொகை என்பது அவருக்குப் பளிச்சென்று பட்டது. வென்றவன் பெரிய மேசைக்குப் போகட்டும் என்றார். 1983இல் டொம் மெக்இவோய் அப்படி ஒரு சிறு போட்டி வழியாக நுழைந்து பட்டத்தையே தட்டிக்கொண்டு போனார். ஏணி தயாராகிவிட்டது. ஏற ஆளில்லை. ஆளைக் கூட்டி வரப்போகிறவர் அப்போது நியூஜெர்சி பக்கத்தில் பொம்மை வியாபாரத்தில் இருந்தார்.

ஹென்றி ஓரென்ஸ்டைன் 1923இல் போலந்தின் ஹ்ருபியெஷோவ் நகரில் பிறந்த யூதர். அவர் பெற்றோரை நாஜிகள் கொன்றார்கள். புட்சின் வதைமுகாமில் இருந்தபோது ஒருநாள், யூதக் கைதிகளில் விஞ்ஞானிகளும் கணித வல்லுநர்களும் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். ஓரென்ஸ்டைனுக்கு விஞ்ஞானத்தோடு எந்த உறவும் கிடையாது. தன் பெயரையும் சகோதரர் பெயர்களையும் துணிந்து கொடுத்தார். அந்த ஆய்வுக்குழுவே ஒரு பொய் என்பது பிறகு தெரிந்தது: போர்முனைக்குப் போகாமல் தப்புவதற்கு ஜெர்மன் பேராசிரியர்கள் கட்டிய நாடகம். உள்ளே இருந்தவர்களும் பொய் விஞ்ஞானிகள், வெளியே இருந்தவர்களும் பொய் ஆய்வாளர்கள். இரண்டு தரப்பும் உண்மையை வெளியே விடவில்லை. அந்தப் பொய்தான் அவர் உயிரைக் காத்தது. கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டுவதில் இவரைவிடப் பெரிய பாடம் படித்த போக்கர் ஆட்டக்காரர் எவரும் இருந்திருக்க மாட்டார்.

போருக்குப் பின் அமெரிக்கா போய்ப் பொம்மைத் தொழிலில் இறங்கினார். டொப்பர் என்ற அவருடைய கம்பனி கொடிகட்டிப் பறந்தது. 1970களில் திவாலாகிக் கவிழ்ந்தது. அவர் அசரவில்லை. கார் ஒன்று மடங்கி ரோபோவாக மாறும் ஜப்பான் பொம்மை அவர் கண்ணில் பட்டது. அதை ஹாஸ்ப்ரோ கம்பனியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1984இல் கடைக்கு வந்த அந்த டிரான்ஸ்போர்மர்ஸ் பிறகு திரைப்படமாகி உலகமெல்லாம் ஓடியது. நேரம் கிடைத்தபோதெல்லாம் அவர் போக்கர் ஆடினார், பார்த்தார். வீட்டில் தொலைக்காட்சியில் போக்கர் பார்த்தபோது அவருக்கும் எல்லாரையும்போலச் சலித்தது. வித்தியாசம் ஒன்றுதான்: அவர் பொம்மை செய்கிறவர். ஒரு பொருளில் ஏதாவது குறைந்தால் எங்கே எதை வைக்கலாம் என்று கை தானாகத் தேடும்.

மேசையில், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் எதிரே, ஒரு துளை. துளைக்குக் கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே ஒரு சிறு கமரா. இன்று சூதாட்ட ஒளிபரப்புகளில் திரையின் ஓரத்தில் ஒவ்வொரு பெயரோடும் இரண்டிரண்டு சீட்டு சாதாரணமாகத் தெரிகிறதே, அதன் பிறப்பு அந்தத் துளையில்தான். 1995இல் அவருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. லயத்து வாசலில் எட்டிப் பார்க்கிறவனின் இடம் வீட்டில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் கிடைக்க வழி பிறந்துவிட்டது. ஆனால் ஆட்டக்காரர்கள் சம்மதிக்க வேண்டுமே!

கவிழ்த்த சீட்டைக் காட்டுவது தொழில் ரகசியத்தைக் காட்டுவது. எதில் மிரட்டுகிறேன், எதில் பின்வாங்குகிறேன் என்று எதிராளி நாளைக்கு வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டால்? தயக்கத்தை முதலில் உடைத்தது பிரிட்டன். 1999இல் சனல் 4, கார்டிஃப் நகரில் கண்ணாடி பதித்த மேசையில் ஒரு தொடரைப் படம்பிடித்து நள்ளிரவில் ஒளிபரப்பியது. தூக்கம் வராதவர்கள்தான் பார்ப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள்; பார்த்தவர்கள் தூங்கவில்லை. டெவில்ஃபிஷ் என்று பட்டப்பெயர் கொண்ட டேவ் உல்லியட் ஒரே இரவில் தெரிந்த முகமானார். 2003 மார்ச்சில் அமெரிக்காவிலும் ‘உலக போக்கர் சுற்று’ என்ற தொடர் துளைக் கமராவோடு தொடங்கியது. பேசும் ஆளும் ஏறும் ஏணியும் பார்க்கும் கண்ணும் வந்தாயிற்று. யார் வேண்டுமானாலும் வெல்லலாம் என்று நம்பவைக்கும் ஒரு சாதாரண மனிதன்தான் பாக்கி.

டென்னஸி மாநிலத்துக் கணக்காளர் கிறிஸ் மணிமேக்கருக்கு அப்போது 27 வயது. மணிமேக்கர் என்பது புனைபெயர் அல்ல, குடும்பப் பெயர். போக்கர்ஸ்டார்ஸ் இணையத்தளத்தில் 86 டொலர் கட்டி ஒரு சிறு போட்டியில் ஆடினார். முதல் மூவருக்கு லாஸ் வேகாஸ் போட்டியில் இடம். நான்காமவருக்கு 8,000 டொலர் ரொக்கம். கடன் அட்டை பாக்கி கழுத்தை நெரித்ததால் நான்காவதாக வரத்தான் அவர் ஆசைப்பட்டார். நண்பர் ஒருவர் பேசிப் பேசித் தடுத்தார். மணிமேக்கர் வென்றார், செலவுக்கு அப்பாவிடமும் நண்பரிடமும் தன் பங்கை விற்றார், நேரில் ஒரு பெரிய போட்டியும் ஆடியறியாமல் போய் உட்கார்ந்தார். 839 பேர் மெல்ல மெல்லக் கரைந்து, கடைசியில் இருவர் மிஞ்சினார்கள்.

எதிரே சாமி ஃபர்ஹா, பழுத்த தொழில்காரர், வாயில் பற்றவைக்காத சிகரெட். ஒரு கையில் ஃபர்ஹாவிடம் ஒன்பதுகளின் ஜோடி சேர்ந்திருந்தது. மணிமேக்கரிடம் ஒன்றுமே சேரவில்லை. மணிமேக்கர் எல்லாச் சிப்பையும் நடுவில் தள்ளினார். ஃபர்ஹா நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு சீட்டைப் போட்டுவிட்டார். துளை இல்லாத காலமாக இருந்தால் அது ஒருவர் தள்ளியதும் இன்னொருவர் விலகியதும்தான். இப்போதோ இரண்டு கையும் திரையில் கிடந்தன. வெறுங்கை வென்றதை ஒரு நாடே பார்த்தது. கடைசியில் பட்டமும் மணிமேக்கருக்கே; பரிசு 25 லட்சம் டொலர். ஈஎஸ்பிஎன் அதை மறுபடி மறுபடி ஒளிபரப்பியது. அடுத்த ஆண்டு 2,576 பேர் வந்தார்கள்; 2006இல் 8,773 பேர். 86 டொலரை வாங்கிய தளம் கையைக் கட்டிக்கொண்டா இருக்கும்?

போக்கர்ஸ்டார்ஸ் மணிமேக்கரை ஒப்பந்தம் செய்தது. தொப்பியிலும் சட்டையிலும் தன் பெயரைப் பதித்தது, நாடு நாடாக அனுப்பியது. மற்றத் தளங்களும் வென்றவர்களை வளைத்தன. ஒரு காலத்தில் படம் எடுக்க வந்தால் எழுந்து ஓடிய தொழிலில், கமராவுக்கு நேரே சின்னம் தெரியும்படி உட்காருவதற்குக் காசு கிடைத்தது. பரிசு விழாத ஆண்டிலும் சம்பளம் விழுந்தது. பல பேருக்கு அது ஆட்டத்தைவிட நிச்சயமான வருமானம். 2011 ஏப்ரல் 15 வரை.

அன்று வெள்ளிக்கிழமை. அமெரிக்க அரசு பெரிய தளங்களின் முகவரிகளை முடக்கியது. சட்டவிரோதச் சூதாட்டம், வங்கி மோசடி என்று குற்றச்சாட்டுகள் பாய்ந்தன. அமெரிக்க வாசல் மூடியதும் தளங்கள் வேறு நாடுகளில் முகம் தேடின. இந்தியாவில் முஸ்கான் சேத்தி போன்றவர்கள் போக்கர்ஸ்டார்ஸின் தூதுவரானார்கள். தமிழ்நாட்டிலோ பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் அரசை உலுக்கின. இணையச் சூதாட்டத்துக்கு அது போட்ட ஒரு தடையை 2021 ஓகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது. அரசு மறுபடி சட்டம் கொண்டுவந்தது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்று 2023 நவம்பரில் நீதிமன்றம் மறுபடி விலக்களித்தது. தளங்கள் மூச்சுவிட்டு முடிப்பதற்குள், 2025 ஓகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம் திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே தூக்கி எறிந்துவிட்டு, இணையத்தில் பணம் வைத்து ஆடுவதையும் அதற்கு விளம்பரம் செய்வதையும் சேர்த்துத் தடுத்தது. அங்கே தூதுவர் என்ற தொழிலே சட்டப்படி முடிந்தது.

மணிமேக்கர் 2020 முடிவில் போக்கர்ஸ்டார்ஸை விட்டு விலகியிருந்தார். ஓரென்ஸ்டைன் 2021 டிசம்பரில், 98ஆவது வயதில் காலமானார். இந்தியா கதவை மூடிய அதே 2025 ஓகஸ்டில்தான் கொழும்பில் சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் கசினோ பெரும் ஆரவாரத்தோடு திறந்தது. உள்நாட்டவர் கசினோவுக்குள் காலெடுத்து வைக்கக் கட்ட வேண்டிய வரியும் அந்த ஆண்டில் இரட்டிப்பாகி 100 டொலர் ஆனது. ஏறத்தாழ 30,000 ரூபாய். நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்த அந்த நேரத்தில், பூண்டுலோயாவில் கொழுந்து பறிக்கும் ஒருவருக்கு அது 22 நாள் முழுப்பேர்.