சின்னாளப்பட்டிக்கு வந்த தக்ளி

கீழடி அகழாய்வில் கிடைத்தவற்றில் சுடுமண் தக்ளிகளும் உண்டு. நடுவில் துளையிட்ட சிறு வட்டு. அதில் செருகியிருந்த குச்சி மக்கிப்போக, வட்டு மட்டும் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் தாங்கியிருக்கிறது. ராட்டை வரும்வரை உலகத்தின் பெரும்பாலான துணிக்கு நூல் தந்தது இந்தக் குச்சியும் வட்டும்தான்.

அதைப் பள்ளிப் படிப்பின் நடுவுக்குக் கொண்டுவந்தது 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, மற்றப் பாடங்களை அதிலிருந்தே சொல்லித்தர வேண்டும் என்றார் காந்தி. மாநாடு அமைத்த ஜாகிர் உசேன் குழு நூற்பு, நெசவு, தச்சு, வேளாண்மை என்று தொழில்களைச் சொல்லி, ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் 3 மணி 20 நிமிடத்தைக் கைவேலைக்கே ஒதுக்கியது. இந்த ஆதாரக் கல்வியை நடத்த அமைந்த இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம்.

பத்தாண்டில் அது நம் பக்கம் வந்தது. 1947இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளப்பட்டிக்கும் அம்பாத்துரை ரயில் நிலையத்துக்கும் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ஆதாரப் பள்ளியும் நடத்தினார்கள்.

தக்ளியின் பெரிய சிறப்பு, அதைப் பிள்ளையே செய்துவிடலாம் என்பது. முற்றிய மூங்கிலில் கணு இல்லாத ஒரு சாண் சிம்பைப் பிளந்து, கத்தியால் சீவி உருட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். உச்சியில் நூல் மாட்ட ஒரு வெட்டு. அடுத்தது வட்டு. கிண்ணத்தைக் கவிழ்த்துப் பலகையில் வட்டம் போட்டு அறுத்தாயிற்று. துளை எங்கே இடுவது? வட்டத்துக்குள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாத இரண்டு நாண் வரைந்து, இரண்டுக்கும் மையக்குத்துக்கோடு போட்டால், கோடுகள் வெட்டும் புள்ளிதான் நடு. துளை ஒரு நூல் விலகினாலும் தக்ளி தள்ளாடும், இழை அறும். ஆசிரியர் சிவப்பு மையை எடுக்கவே வேண்டாம். பிள்ளை தானாக இன்னொரு பலகைத் துண்டைத் தேடிப் போகும். வடிவியலை இதைவிட நேர்மையாகச் சொல்லித்தரும் வழி எனக்குத் தெரியவில்லை.

சின்னாளப்பட்டி நெசவுத் தெருப் பிள்ளைக்கு நூல் புதிதல்ல. தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்தே வளர்ந்தது. ஆனால் அது பிறந்த வீடு சுமத்திய வேலை. ஆதாரப் பள்ளியின் எண்ணமோ வேறு: நெசவாளர் பிள்ளையும் உளி பிடிக்கும், ஆசாரி பிள்ளையும் நூற்கும், கணக்குப்பிள்ளை மகனும் இரண்டையும் செய்வான்.

1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் இந்த வேறுபாட்டையே அழித்தது. பள்ளியில் மூன்று மணி நேரம், மீதிப் பொழுதுக்கு வீட்டுத் தொழில். குலக்கல்வி என்று பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்தார்கள், 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. எதிர்த்தது முழுக்கச் சரி. ஆனால் அந்தக் கோபத்தில் பள்ளிக்கூட உளியின் மேலும் சந்தேகம் விழுந்துவிட்டது. நூற்பு வகுப்பு பிறகும் பல காலம் இருந்தது. பிள்ளைகள் கைக்கு வந்ததோ பெரும்பாலும் இரும்புக் கம்பியும் பித்தளை வட்டுமான கடைத் தக்ளி. நூற்கலாம், செய்ய வேண்டியதில்லை. பாடத்தின் பெரிய பாதி அங்கேயே போயிற்று.

2020 தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் பத்து நாள் புத்தகப் பை இல்லாமல் தச்சரிடமும் குயவரிடமும் கற்கலாம் என்கிறது. குலக்கல்வி என்ற அச்சமும் கூடவே எழுந்திருக்கிறது. அச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் பத்து நாளில் கத்தியைப் பிடிக்கத்தான் கை பழகும், மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

வாரத்துக்கு இரண்டு பாடவேளை, ஒரு தச்சு மேசை, மழுங்காத கத்திகள், ஒரு கட்டு மூங்கில்: சின்னாளப்பட்டியின் ஒவ்வொரு பள்ளியிலும் இவை வேண்டும். ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளும் அந்த மேசைக்கு வர வேண்டும். அப்பா என்ன தொழில் செய்கிறார் என்று அங்கே யாரும் கேட்கக் கூடாது.