துப்பாக்கியும் தொலைகாட்டியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் பறவைகளை ஆராய்ந்தோரின் முதற் கருவி துப்பாக்கியே. கிளையில் அமர்ந்த பறவை இன்னதெனத் துணியவேண்டுமாயின், அதனைச் சுட்டு வீழ்த்திக் கையிலெடுத்து, இறகையும் அலகையும் அளந்து பார்த்தலே அக்கால வழக்கம். 1827 முதல் 1838 வரை வெளிவந்த 'அமெரிக்காவின் பறவைகள்' என்னும் பெருநூலின் 435 படங்களுக்கு உரியவரான ஓடுபன், தாம் சுட்ட பறவைகளைக் கம்பியாற் பிணைத்து, உயிருள்ளனபோல் நிறுத்திவைத்து வரைந்தார். 1878 முதல் 1880 வரை இலங்கைப் பறவைகளின் வரலாற்றை வெளியிட்ட லெக் என்பவரும் சுட்டுச் சேர்த்த பறவையுடல்களையே பெரிதும் ஆதாரமாகக் கொண்டார். இவர்கள் பறவைகளை வெறுத்தவர் அல்லர். உயிருடன் உள்ள பறவையை ஐயமற அறிதற்கேற்ற கருவி அவர்களிடம் இருக்கவில்லை.

தொலைகாட்டியோ அதற்கு நெடுங்காலம் முன்பே தோன்றிவிட்டது. ஒல்லாந்து தேசத்து மிடில்பேர்க் நகரில் மூக்குக்கண்ணாடி செய்துவந்த லிப்பர்ஷே, 1608ஆம் ஆண்டில் அதற்கு உரிமை கேட்டு அரசுக்கு விண்ணப்பித்தார். அடுத்த ஆண்டில் கலிலியோ அதனை வானத்தை நோக்கித் திருப்பினார். அவ்வாறாயின் பறவையறிஞர் அதனை ஏன் கைக்கொள்ளவில்லை?

கலிலியோ அமைத்த தொலைகாட்டி உருவை நேராகக் காட்டிற்று. ஆனால், அது காட்டிய பரப்பு மிகக் குறுகியது. 1611இல் கெப்ளர் வகுத்த அமைப்பு பரப்பை விரித்தது. உருவையோ தலைகீழாகக் காட்டிற்று. விண்மீனைத் தலைகீழாகக் காண்பதால் வானியலாருக்கு இழப்பில்லை. கிளைக்குக் கிளை தாவும் குருவியைத் தொடர்பவருக்கு அது பெருந்தடை. இவற்றினும் பெரிய குறையொன்றும் இருந்தது. கண்ணாடி வில்லை ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வோர் அளவில் வளைப்பதால், காணும் பொருளின் விளிம்பில் இல்லாத நிறங்கள் படர்ந்தன. நிறத்தைக் கொண்டே இனத்தைப் பிரிக்கவேண்டிய பறவையறிஞருக்கு, நிறத்தைத் திரித்துக் காட்டும் கருவியால் யாது பயன்?

இக்குறை வில்லையினால் தீராது எனக் கருதிய நியூற்றன், 1668இல் ஆடியைக் கொண்டு தொலைகாட்டி செய்தார். எனினும், 1733ஆம் ஆண்டளவில் செஸ்ரர் மோர் ஹோல் என்னும் வழக்கறிஞர், இருவகைக் கண்ணாடிகளை இணைத்து அக்குறையைப் பெரிதும் குறைத்தார். 1758இல் ஜோன் டொலண்ட் அம்முறைக்கு உரிமை பெற்றார். 1854இல் போறோ என்னும் இத்தாலியர், அரியங்களால் ஒளியின் வழியை மடித்து, நீண்ட குழாயைக் குறுக்கி, உருவையும் நேராக்க வழிகண்டார். யேனா நகரிலே சொற் என்பவர் புதுவகைக் கண்ணாடிகளை உருக்கினார். ஆபே அரியங்களைப் பொருத்தினார். 1894இல் சைஸ் நிறுவனத்தின் இருகண் தொலைகாட்டி விற்பனைக்கு வந்தது.

கருவி திருந்திவந்த அக்காலத்திலேயே மனிதர் மனமும் மாறிவந்தது. பெண்களின் தொப்பிகளை அணிசெய்யும் இறகுகளுக்காகப் பறவைகள் பெருந்தொகையாகக் கொல்லப்படுவதை 1886இல் கல்லூரி மாணவியாயிருந்தபோதே எதிர்த்தவர் புளோரன்ஸ் மெரியம். அவர் 1889இல் நாடகக் கொட்டகைக் கண்ணாடியைக் கொண்டு பறவைகளை அறியக் கற்பிக்கும் நூலொன்றை வெளியிட்டார். அக்கண்ணாடி உருவைச் சிறிதளவே பெருக்கியது. ஆயினும், கொல்லாமலே கற்கலாம் என்பதைக் காட்டிற்று. நத்தார் நாளிற் பறவைகளைச் சுடும் போட்டிக்கு மாறாக, 1900இல் சப்மன் அவற்றை எண்ணும் வழக்கத்தைத் தொடக்கினார். முதலாண்டில் 27 பேர் அதில் ஈடுபட்டனர். 1934இல் பீற்றர்சன் வெளியிட்ட கைந்நூல், தொலைவிலிருந்தே காணத்தக்க அடையாளங்களை அம்புக்குறியிட்டுக் காட்டிற்று.

இவ்வரலாற்றை அறிந்தவர் தொலைகாட்டி வாங்கும்போது, "எத்தனை மடங்கு பெருக்கும்?" என்று மட்டும் கேட்கமாட்டார். 80 மில்லிமீற்றர் அகலமுள்ள முன்வில்லை, இருபது மடங்கிற் கண்ணுக்குத் தரும் ஒளிக்கற்றையின் அகலம் 4 மில்லிமீற்றர். அதனையே அறுபது மடங்காக்கினால் கற்றை 1.3 மில்லிமீற்றராகச் சுருங்கும், காட்சி மங்கும், சிறு நடுக்கமும் பெரிதாகும், வெயிலில் மணற்பரப்பின்மேல் அலையும் காற்றும் உருவைக் குலைக்கும். ஆதலால் முதலில் நோக்கவேண்டியவை, வெளிவானத்தின் எதிரே கரும்பறவையின் விளிம்பில் பொய்ந்நிறம் படராமையும், மாலை மங்கலிலும் உரு தெளிவாயிருத்தலுமாம். நிறப்பிறழ்வைக் குறைக்கும் தனிவகைக் கண்ணாடியாலான வில்லைக்கு விலை மிகுதி. ஆயினும், பயனும் மிகுதி. அசையாத முக்காலியும் உடன் வேண்டும். நல்ல வில்லையை வாங்கி நலிந்த முக்காலியில் நிறுத்துபவர் கொடுத்த விலையின் பயனைப் பெறார்.

மன்னார்க் கரைச் சேற்றுநிலங்களுக்குக் குளிர்காலத்தில் வடதேசங்களிலிருந்து கரையோரப் பறவைகள் வருகின்றன. ஒன்றையொன்று ஒத்த அவற்றை அருகே சென்று காண முயன்றால், கூட்டமே எழுந்து பறந்துவிடும். இன்று உலகின் பல இடங்களில் இத்தகைய பறவைகளின் காலில் எழுத்துப் பொறித்த சிறு பட்டையை அணிவித்து விடுகின்றனர். நல்ல தொலைகாட்டி உடையவர் தொலைவில் நின்றே அவ்வெழுத்தைப் படித்து, அப்பறவை எங்கிருந்து வந்ததென அறியலாம். ஒருகாலத்தில் அதனை அறியச் சுட்டு வீழ்த்தவேண்டியிருந்தது. இன்று அறிந்த பின்னும் பறவை இரைதேடிக்கொண்டிருக்கிறது.